கையால் தொடக்கூடாத கல்

மார்ச் 4

கர்த்தருக்குள் அன்பான மனைவிக்கு,

ஸ்தோத்திரம். நான் இங்கே சுகம். உன் சுகத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். நீ ஜெபத்தை விட்டிருக்கலாம், நான் விடவில்லை.

நீயும் மகளும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனதில் எனக்கு எவ்வளவு தலைக்குனிவு என்று நீ யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "அம்மாவைக் காணோமே" என்று கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. "கோபித்துக்கொண்டு போய்விட்டாள்" என்றே சொல்கிறேன்.

வீடு ஒழுங்காக இருக்கிறது. பாத்திரங்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கியிருக்கிறேன். நீ இருந்தபோது இருந்ததைவிட ஒழுங்கு என்று சொன்னால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தாலும் உண்மை அதுதான்.

நடந்ததைப் பற்றி நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண் சபையில் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும், எல்லாரும் கேட்க எழுந்து நின்று பாவ அறிக்கை செய்யும்வரை திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது. இது நம் சபையின் ஒழுங்கு. மற்றவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அதை வாசித்தவன் நான். என் பெண் என்றதும் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டால் நான் என்ன மூப்பன்? ஊரில் கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை போடுகிற என்னைப் போன்ற அதிகாரி, தன் வீட்டுக் கல்லை மட்டும் ஒளித்து வைக்கலாமா?

ஆகையால் என் முடிவு இது. குழந்தை பிறக்குமுன் இருவரும் திரும்பி வாருங்கள். அவள் இன்னொரு முறை எழுந்து நிற்கட்டும். போன தடவை அழுதுகொண்டே ஏதோ சொன்னாள், நான்காவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. அதை அறிக்கை என்று எடுத்துக்கொள்ள முடியாது. தெளிவாகச் சொல்லட்டும். அதன்பின் நான் அவளை மன்னித்து வீட்டில் சேர்த்துக்கொள்வேன்.

உன் தையல் கத்தரிக்கோல் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன், சபை மூப்பன்


மார்ச் 13

சபை மூப்பர் அவர்களுக்கு,

உங்க கடிதம் வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். "அவ எப்படி இருக்கா"ன்னு ஒரு வார்த்தை எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு தேடிப் பாத்தேன். பாத்திரம் எப்படி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கத்தரிக்கோல் எப்படி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. பெத்த பொண்ணு வயித்துல புள்ளையோட இருக்காளே, அவளப் பத்தி மட்டும் இல்ல.

நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன். சைக்கிள் கடைக்கு மேல ஒரு அறை எடுத்திருக்கோம். கீழ பகல் பூரா டியூபுக்குக் காத்தடிக்கிற சத்தம். நான் ஆஸ்பத்திரிக்குப் பச்சை அங்கி தைச்சுக் குடுக்கிறேன். அவ மூக்குக்கண்ணாடிக் கடையில உக்காந்து பாக்கிற வேலை. காலு ரெண்டும் வீங்கிப் போயிருக்கு. இதுக்குக் காரணமான அந்தப் பையன் போன இடம் தெரியல. அவனத் தேடிப் போய் நியாயம் கேக்கணும்னு உங்களுக்குத் தோணல பாருங்க, அழுத பொண்ணத் தூக்கி நிறுத்தணும்னு தோணிச்சு.

ஒழுங்காம் ஒழுங்கு! அவ முதல்ல யாருகிட்ட வந்து சொன்னா? எங்கிட்டகூட சொல்லலங்க. உங்க அறைக்குத்தான் வந்தா. உங்க கால் பக்கத்துல உக்காந்து, "அப்பா, தப்புப் பண்ணிட்டேன், ஆண்டவர்கிட்ட அழுதுட்டேன், உங்ககிட்டயும் சொல்லணும்"னு சொன்னா. அதுக்கு மேல என்னங்க அறிக்கை வேணும்? அத எடுத்து ஞாயித்துக்கிழமை மேடையேறி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, தொண்டையச் செருமிக்கிட்டு வாசிச்சீங்களே. செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல, அந்தக் கடைசி பெஞ்சுல, அவ ஒத்தையா உக்காந்திருந்தா. நான் எந்திரிச்சு அவ பக்கத்துல போய் உக்காந்தப்ப என்னை ஒரு முறை முறைச்சீங்க. அந்த முறைப்பு இன்னும் என் முதுகுல இருக்கு.

உங்க வெல்வெட் பெட்டி சுகமா? சாப்பிட்டுக் கை கழுவினதும் அதத் திறந்து வெச்சுக்கிட்டு, கடைக் கல்ல ஒத்துப் பாக்கிற ஆபீஸ் கல்ல ஒவ்வொண்ணா இடுக்கியால எடுத்து, பாலிஷ் போட்டுத் துடைச்சு, வெளிச்சத்துல காட்டிப் பாப்பீங்களே. அவ சின்னப் புள்ளையா இருக்கப்ப ஆசையா கைய நீட்டினா. புறங்கையில பளீர்னு ஒண்ணு வெச்சீங்க. "கை பட்டா வியர்வை ஒட்டும், எடை மாறிடும்"னீங்க. கடைக்காரங்க உங்களுக்கு எடைக்கல்னு பேரு வெச்சது சும்மா இல்ல.

நாங்க வரல. மன்னிக்கிற வேலைய நீங்க எடுத்துக்க வேணாம், அது வேற ஒருத்தரோட வேலை.

கத்தரிக்கோல நீங்களே வெச்சுக்கங்க.

உங்க மகளோட அம்மா


ஏப்ரல் 20

மனைவிக்கு,

ஸ்தோத்திரம். குழந்தை பிறந்த செய்தியைப் போதகர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையில் என்னை வைத்துவிட்டாய். அவர் என் கையைப் பிடித்து "தாத்தா ஆயிட்டீங்க" என்றபோது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. பெண் குழந்தையாம். எடை எவ்வளவு? அந்த ஆஸ்பத்திரித் தராசில் இந்த வருட முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாயா? பல ஆஸ்பத்திரிகளில் பார்ப்பதே இல்லை.

உன் கடிதத்தில் உள்ள வார்த்தைகளுக்கு உன்னை மன்னிக்கிறேன்.

நான் யார் என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சர்வீஸில் ஒரு கடைக்காரனிடம் ஒரு கப் டீ வாங்கிக் குடித்தவன் இல்லை. குடித்தது இல்லை, புகைத்தது இல்லை. ஜுரத்திலும் ஆராதனைக்குப் போனவன். வேண்டியவர், வேண்டாதவர் பார்த்ததில்லை. போன வாரம்கூட சந்தை ரோட்டில் பழைய பேப்பர் வாங்கும் கடைக்காரம்மாவின் கற்களைப் பறிமுதல் செய்தேன். நம் சபைதான், நமக்கு முன் வரிசையில் உட்கார்கிறவள், உன்னோடு சிரித்துப் பேசுகிறவள். என் கல்லோடு வைத்துப் பார்த்தால் அவள் கல் கூடுதல் கனம். கூடுதல் கல்லை வைத்து வாங்கினால் பேப்பர் போட வருகிற ஏழைக்குத்தானே நஷ்டம்? தெரிந்தவள் என்று விட்டேனா? வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு சீல் வைத்தேன். "சத்தியமா நான் ஏமாத்தலைய்யா" என்று அழுதாள். எல்லாரும் அப்படித்தான் அழுவார்கள்.

இப்படிப்பட்ட ஒருவனோடு வாழ உனக்குக் கசக்கிறது என்றால் குறை யாரிடம் என்று நீயே யோசி.

நான் ஒரு படி இறங்கி வருகிறேன். அவள் சபையில் நிற்க வேண்டாம். மூப்பர்கள் கூட்டத்தில் மட்டும் வந்து சொன்னால் போதும்.

குழந்தையின் எடையை எழுது.

உன் கணவன்


ஏப்ரல் 29

எடைக்கல் ஐயாவுக்கு,

சொல்ல மாட்டேன். எடைய மட்டும் சொல்லவே மாட்டேன். குழந்தை கறுப்பா சிவப்பா, யாரு மூக்கு, அழுதா எப்படி அழுவுது, ஒண்ணும் கேக்கத் தோணல, எடை வேணுமாம். முத்திரை இருக்கான்னு பாக்கணுமாம்! பிரசவ அறைக்கு வெளிய நான் உசிரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னப்ப தராசுக்கு அடியில குனிஞ்சு முத்திரை தேடியிருக்கணும், இல்ல?

டீ குடிக்கலையாம், புகைக்கலையாம். ஆண்டவருக்கே ஏதோ நீங்க சலுகை பண்ணின மாதிரி எழுதுறீங்க. உங்களுக்கு எதுக்குங்க சிலுவை? உங்களுக்காக யாரும் சாக வேண்டிய அவசியமே இல்லையே. அவர் வந்தது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. நீங்க நேரா உள்ள போயிடுவீங்க, வாசல்ல முத்திரை போட்டு அனுப்பிடுவாங்க.

அந்தப் பேப்பர் கடைக்காரம்மா ஏமாத்துக்காரின்னு யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அவ வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அந்தக் கடைய வெச்சுத்தான் ரெண்டு பொண்ணுங்களப் படிக்க வெச்சா. தெரு கேக்கச் சொன்னீங்களா? உங்களுக்குத்தான் நல்ல குரலாச்சே.

இன்னொண்ணும் கேட்டுக்கங்க. உங்க ரெண்டு கடிதத்தையும் நான் அவகிட்ட காட்டல. பச்சை உடம்புக்காரி. பால் வத்திடும்.

உங்க மகளோட அம்மா


ஜூலை 8

அன்புள்ள மனைவிக்கு,

ஸ்தோத்திரம். ஒரு காரியம் நடந்துவிட்டது. மற்றவர் வாய் வழியாக உன் காதுக்கு வருவதைவிட நானே எழுதுவது நல்லது.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஆபீஸ் கற்களைத் தலைமைச் சோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போய் அங்குள்ள மூலக் கல்லோடு ஒப்பிட வேண்டும். இந்த முறையும் போனேன். அங்கே இருந்த பெண் என் ஒரு கிலோ கல்லை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "குறையுதே சார்" என்றாள். உன் தராசைப் பார் என்று சத்தம் போட்டேன். வேறு தராசில் வைத்தார்கள். அங்கும் குறைந்தது. அவள் கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாலிஷ் போட்டுத் தேய்ச்சீங்களா? பித்தளை தேஞ்சு போகும் சார். மெல்லிசு பிரஷ்ஷால தூசிதான் தட்டணும்" என்றாள். போன வருஷம் சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் நான் பழையதை விட்டு, காரமான புது பாலிஷ் ஒன்று வாங்கினேன்.

அதாவது என் கல் கனம் குறைந்து போனதால்தான் பேப்பர் கடைக்காரம்மாவின் சரியான கல் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. மற்றக் கடைகளின் தேய்ந்த கல் என் தேய்ந்த கல்லோடு ஒத்துப்போனதில் எனக்குத் தெரியாமல் போயிற்று. அவள் கல்லில் குற்றம் இல்லை.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. மூப்பர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில், மகள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காருகிறேன். முன்னால் வரச் சொல்லி எத்தனையோ பேர் வற்புறுத்தினார்கள், மறுத்துவிட்டேன். திருவிருந்தும் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம். இப்படித் தாழ்த்திக்கொண்ட மூப்பனை இந்தச் சபை பார்த்ததில்லை என்று போன வாரம் ஒருவர் கண்கலங்கிச் சொன்னார்.

மகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததைவிட அதிக நாள் நான் உட்கார்ந்துவிட்டேன். இனி உனக்கு என்மேல் குறை சொல்ல ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். குழந்தையை எப்போது வந்து பார்க்கலாம் என்று தெரிவி.

உன் கணவன்


ஜூலை 15

ஐயா,

நான் ஒண்ணு கேக்கிறேன். அந்தப் பெஞ்சுல நீங்க உக்காந்தப்ப யாராவது பாக்குறாங்களான்னு பாத்தீங்களா இல்லையா? மனசத் தொட்டுச் சொல்லுங்க.

அவ அங்க உக்காந்தப்ப யாரும் கண்ணு கலங்கல. யாரும் முன்னால வான்னு கூப்பிடல. பக்கத்து பெஞ்சுக்காரி கைப்பையத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டா. நீங்க உக்காந்தா ஆஹா ஓஹோங்கிறாங்க. நல்லா இருக்குங்க உங்க தாழ்மை! கடைசி பெஞ்சையும் மேடையாக்கிட்டீங்க. மனந்திரும்பறதையும் கல்லு மாதிரி பாலிஷ் போட்டு, வெளிச்சத்துல காட்டி, எங்கிட்ட முத்திரை கேட்டு அனுப்பியிருக்கீங்க. இத்தனை நாள் உக்காந்தேன், இத்தனை உபவாசம், எடு குழந்தையங்கிறீங்க. இது வியாபாரம்.

கல்லு தேஞ்சு போச்சுன்னு படிச்சப்ப சிரிச்சேன். வாய்விட்டுச் சிரிச்சேன். கீழ சைக்கிள் கடைக்காரர் நிமிந்து பாத்தாரு. அப்புறம் அந்தப் பேப்பர் கடைக்காரம்மா நினைப்பு வந்து வயிறு எரிஞ்சுது. கடிதம் பூரா தேடிட்டேன். ராஜினாமா இருக்கு, உபவாசம் இருக்கு. அந்தம்மா வீட்டுக்குப் போனேன்னு ஒரு வரி இல்ல. மககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ஒரு வரி இல்ல.

குழந்தையப் பாக்க வர வேணாம். இனிமே கடிதமும் போடாதீங்க. போட்டாலும் பிரிக்க மாட்டேன்.


ஆகஸ்ட் 19

உனக்கு,

பிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கேட்டதுக்குப் பதில், ஆமாம். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தேன். உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி ஒட்டவைத்துப் படித்தேன்.

பேப்பர் கடைக்காரம்மா வீட்டுக்குப் போனேன். பறிமுதல் செய்த கற்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். நன்றாகத் திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். அவள் திட்டவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "கல்ல நான் என்னய்யா பண்ணட்டும்? கடையக் காலி பண்ணிட்டேனே. ஏமாத்துக்காரி கடையில யாரு வந்து பேப்பர் போடுவா? இப்ப ரெண்டு வீட்டுல வேலை செய்யறேன்" என்றாள். அங்கிருந்து சந்தை ரோட்டுக்குப் போய், அன்றைக்குக் கத்தின அதே இடத்தில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். கேட்க நாலு பேர்கூட இல்லை. கடை இருந்த இடத்தில் வேறு யாரோ கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கற்களைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். கையிலேதான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போதகரிடம் போய் உட்கார்ந்தேன். இன்னும் என்ன செய்யட்டும், சொல்லுங்கள், எதுவானாலும் செய்கிறேன் என்றேன். அவர், "இன்னும் உங்க தராசுத் தட்டுல ஏதாவது வெச்சு சமமாக்கலாம்னு பாக்கிறீங்க. ஆகாது ஐயா. நீங்க வெக்க வேண்டியத ஆண்டவர் சிலுவையிலயே வெச்சாச்சு. நம்பினா போதும்" என்றார். இதையே நானும் மேடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்கு என்று நினைத்துச் சொல்லியிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு மகளைப் பற்றி வாசித்தேனே, துக்கத்தோடு வாசித்ததாகத்தான் இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். வாசிக்கும்போது என் குரல் நன்றாக எடுபட்டது. சபை மூச்சுவிடாமல் கேட்டது. பெற்ற பெண்ணைக்கூட விடவில்லை பார் என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. அது எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் அவள் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இதற்கு என்ன உபவாசம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. போதகரைப் பார்த்த அன்று ராத்திரி முழங்கால் போட்டேன். வழக்கமாக வருகிற வார்த்தை ஒன்றும் வரவில்லை. இயேசுவே, நான் பாவி, இரங்கும் என்றேன். அதற்குமேல் எனக்காகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அவர் தள்ளவில்லை. எப்படி எனக்குத் தெரியும் என்று கேட்காதே, நிரூபிக்க முடியாது. போன ஞாயிறு திருவிருந்து எடுத்தேன். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று உண்மையாகவே நினைவில்லை.

அவளிடம், அப்பா தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல். அன்றைக்கு என் கால் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னது மாதிரியே சொல்கிறேன். சொல்லத் தோன்றாவிட்டால் விட்டுவிடு. குழந்தையைக் காட்டு என்று கேட்க மாட்டேன். கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

கத்தரிக்கோலைத் தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன்.

நான்தான்


அக்டோபர் 2

என்னங்க,

பிரிச்சேன். வந்த அன்னைக்கே பிரிச்சேன். பிரிச்சுப் படிச்சுட்டு, தையல் மிஷின் பெட்டிக்கு அடியில வெச்சுட்டேன். அவகிட்ட சொல்லல. மாசத்துக்கு மேல ஆச்சு.

ஏன்னு கேக்கிறீங்களா? எனக்கே சொல்ல வெக்கமா இருக்கு. முதல்ல நம்பல, இதுவும் பாலிஷ்னு நினைச்சேன். அப்புறம் நம்பினேன், நம்பியும் காட்டல. இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு இருந்துச்சு. காலையில எந்திரிச்சதும் அந்தக் கடிதம் அடியில இருக்குங்கிற நினைப்பு எனக்கு இனிப்பா இருந்துச்சுங்க. நீங்க அங்க காத்துக்கிட்டு இருக்கீங்க, நான் இங்க பதில் போடாம இருக்கேன். என் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த நினைப்புலயே தைச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் அவ மிஷினுக்கு எண்ணெய் போடறேன்னு பெட்டியத் தூக்கிட்டா. நின்னபடியே படிச்சா. படிச்சு முடிச்சு என்னையப் பாத்து, "அம்மா, இத்தனை நாள் அப்பாவ எந்தப் பெஞ்சுல உக்கார வெச்சிருந்த?"ன்னா. சத்தம்கூடப் போடல. குழந்தையத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டா.

எனக்கு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. உங்களத் திட்டின வாயாலயே என்னைத் திட்டிக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு நானும் முழங்கால் போட்டேன். எனக்கும் சொல்லிக்க ஒண்ணும் கிடைக்கல.

கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. போகல. அந்த ஞாயித்துக்கிழமைய நினைச்சா இப்பவும் பல்லக் கடிக்கிறேன். நேர்ல பாத்தா என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. நீங்க நல்லவரா ஆயிட்டீங்கன்னு இத எழுதல, அதையும் சொல்லிடறேன். ஆண்டவர் உங்களை உள்ள விட்டுட்டாரு. நான் வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டிருந்தா எனக்குத்தான் கேடு.

வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். நாங்க இப்ப போற சின்னச் சபையில. போதகர் வந்து, தண்ணி ஊத்தறப்ப குழந்தைய யாரு கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்கன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ, "எங்கப்பா"ன்னுட்டா.

அதனால வாங்க. சபை முன்னால நிக்கணும், எல்லாரும் பாப்பாங்க, உங்களுக்குப் பழக்கம்தான். ஆனா இந்தத் தடவை வாசிக்க உங்க கையில ஒண்ணும் இருக்காது.

எடை மட்டும் இப்பவும் சொல்ல மாட்டேன். இடுக்கி எடுத்துட்டு வராதீங்க. கையாலயே தூக்கிப் பாருங்க.

உங்க மனைவி